பந்து இருந்த இடம்

கோல்ஃப் மைதானத்து ஏழாவது கிரீனில் பந்து எங்கே நிற்கிறது என்பதைச் சென்னியப்பன் கண்ணால் அளந்து மனசுக்குள் அறைந்து வைத்துக்கொண்டார். மண்புழு கிளப்பிப் போட்ட மண், மிளகளவு, பந்தின் வலப்பக்கம் ஒட்டினாற்போல். அது போதும். மலையில் மழை விட்ட மறுநாள் புல்லெல்லாம் புழுமண்தான், ஆனால் இந்தப் பந்துக்குப் பக்கத்தில் இந்த ஒன்றுதான் இருக்கிறது, வேறு எதையும் இதுவென்று யாரும் சொல்லிவிட முடியாது, இது சாட்சி. சாட்சி என்ற வார்த்தை வந்ததும் அவருக்கே கூச்சமாகப் போயிற்று. கட்டின பெண்டாட்டிமேல் சாட்சி தேடுகிற நிலைமைக்கு ஒருவன் வருவானா, அதுவும் இந்த வயசில், ரிட்டயராகி, பிள்ளையைக் கட்டிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு பேரும் தனியாக விளையாட வந்த இடத்தில். வந்துவிட்டதே. ஒரு மாசமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் ஜெயிக்கிறார். அதுதான் இடிக்கிறது. வீட்டு ஹாலில் கம்பளத்தை விரித்து, அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு டம்ளரைப் படுக்கப்போட்டுத் தட்டிப் பார்த்தால் ஒன்றுகூட உள்ளே போவதில்லை. கை கடைசி நேரத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறது, பந்து சோபாவுக்கடியில் ஓடுகிறது. இங்கே வந்தால் மட்டும் போய் விழுகிறது. எப்படி? கை அதே கைதான். மட்டை அதே மட்டை. அப்படியானால் தூரம்தான் வேறாக இருக்க வேண்டும்.

"இருங்க இருங்க, நீங்க குனியாதீங்க. நானே எடுக்கறனுங்க" என்று கமலவேணி தன் மட்டையைப் புல்லில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கென்ன, குனிய முடியாதா?"

"இடுப்பு வலின்னு நேத்துத்தான சொன்னீங்க."

சொன்னாரா? சொல்லியிருப்பார். ஒன்றை மறைக்க இன்னொன்றைச் சொல்லிவைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அவர் திரும்பி, தேயிலைச் சரிவுக்கு அந்தப்பக்கம் ஏறிவரும் பனிமூட்டத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். பார்க்கட்டும், நான் பார்க்கவில்லை என்று நினைக்கட்டும், அப்போதுதானே கை தன் வேலையைக் காட்டும். முதுகுக்குப் பின்னால் டக் என்று சின்னச் சத்தம் கேட்டது. அவளுடைய தொப்பி விளிம்பிலிருக்கும் கிளிப்பிலிருந்து காந்த வில்லையைப் பிரித்தெடுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை அவருக்குப் பிடிக்கவில்லை, வாங்கிய நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பெட்டி பூட்டுவதுபோல ஒரு சத்தம். குழியைச் சுற்றி நகத்தளவுக்கு ஒட்ட வெட்டிய இந்தப் புல்வட்டத்துக்கு வந்துவிட்டால் பந்தைக் கையால் எடுக்கலாம், மண்ணைத் துடைக்கலாம். எடுக்கும்முன் பந்துக்குப் பின்னால் ஒரு வில்லையை அடையாளமாக வைக்க வேண்டும், துடைத்த பந்தை அந்த வில்லைக்கு முன்னால், இருந்த அதே இடத்தில், இம்மி பிசகாமல் வைக்க வேண்டும். அந்த வில்லைக்கு மார்க்கர் என்று பேர். அதை அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார், மகள் நித்யா சிங்கப்பூருக்குப் போன வருஷம், வீடு வெறிச்சென்று ஆகி இவள் சாயங்காலமெல்லாம் ஜன்னலோடு உட்கார்ந்திருந்தபோது. இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது புள்ள, எவனும் பார்க்காதபோது உன் விரல் என்ன பண்ணுதோ அதுதான் ஆட்டமே, என்று. அவள் அப்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

அவருக்கு மார்க்கரென்றால் பழைய ஒரு ரூபாய் நாணயம்தான். கனமான பழைய ரூபாய், பேன்ட்டின் வலப்பக்கப் பையில், சாவியோடு உரசி உரசித் தேய்ந்தது. எஸ்டேட் மேனேஜராக இருந்த காலம் முழுக்க அதுதான். வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. இவளாகத்தான் ஒருநாள் ஆட்டம் முடிந்து காருக்குப் போகிற வழியில் கிளப் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரன் ஹாலன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினான். பிளாஸ்டிக்கில் சட்டைப் பித்தான்போல, அடியில் முள் வைத்தது, பித்தளையில் யானை பொறித்தது, பெல்ட்டில் மாட்டும் தோல் உறை, கையுறையில் ஒட்டுகிறது, தொப்பி விளிம்பில் கவ்வுகிறது. அவள் புடவை எடுப்பதுபோல எடுத்தாள். ஒவ்வொன்றையும் கவுன்ட்டர்மேல் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். முள் வைத்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இது வேண்டாமுங்க ஹாலன், அழுத்த வேண்டியிருக்குது, பிடுங்கவும் ஆகாது." பெல்ட் உறையை இழுத்துப் பார்த்தாள். "இதுல பொத்தான் இருக்குது. பொத்தானெல்லாம் ஆகாது." யானை போட்டது ரொம்பத் தடிமன், ஒருத்தர் அடிக்கிற பந்து இன்னொருத்தர் வில்லையில் தட்டும் என்றாள். கடைசியில் தொப்பிக் கிளிப்பை எடுத்தாள், ரெண்டு வில்லை பிடிக்கிற மாதிரி, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். அந்த வில்லையை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு கையில் வந்து விழுந்தது, அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. "மஞ்ச உங்களுக்கு, நீலம் எனக்கு. ரெண்டும் என்ற தொப்பியிலயே இருக்கட்டும்." "எனக்கெதுக்கு? ரூபாய் இருக்குது" என்றார் இவர். "அம்மா செலெக்‌ஷன்னா செலெக்‌ஷன்தாங்க சார்" என்று ஹாலன் இளித்தான். அவன் ஏன் இளித்தான்? பொத்தான் ஆகாது என்று இவள் சொன்னபோது அவன் ஏன் ஒரு தரம் இவருடைய கையைப் பார்த்தான்? பார்த்தான், பார்க்காமலில்லை. கை அப்போது பைக்குள் இருந்தது. பைக்குள் இருக்கிற கையைப் பார்க்க என்ன இருக்கிறது.

"வெச்சுட்டனுங்க. அடிங்க" என்றாள் கமலவேணி.

திரும்பினார். பந்து வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்திருந்தது. புழுமண் அதன் வலப்பக்கத்தில் இல்லை. ஒருகணம் கண் அதைத் தேடிற்று, துடைக்கும்போது தட்டிவிட்டிருப்பாளோ என்றுகூட ஆசையாக இருந்தது. இல்லை. அது இருந்த இடத்தில் இருந்தது, மிளகளவு, உருக்குலையாமல். பந்துதான் அதைத் தாண்டி, ஒரு சாண், ஒரு சாணுக்கும் மேலே, குழியைப் பார்க்க முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் உண்மை. ஒரு மாசமாக மனசு அரித்துக்கொண்டிருந்தது வெறும் அரிப்பு இல்லை. அவள் குழிக்கு அந்தப்பக்கம் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ஒன்றுமே இல்லை, குழம்புக்கு உப்புப் பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்தபடியே, எதையும் குறி பார்க்காமல், தட்டினார். பந்து போய் விழுந்தது. "பிரமாதமுங்க!" என்றாள். எவ்வளவு சரளமாக வருகிறது வாயில். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல வருமென்றால் இதுவரை எத்தனை சொல்லியிருப்பாள்?

எட்டாவதுக்குப் போகும் வழி சவுக்குத் தோப்புக்குள் இறங்குகிறது. அவள் முன்னால் பைவண்டியை இழுத்துக்கொண்டு போனாள், அவர் பின்னால் போனார், சக்கரம் ஈர மண்ணில் கிழித்துக்கொண்டு போன ரெண்டு கோட்டையும் மிதிக்காமல் நடுவில் நடந்தார். எனக்கெதிராகத் திருடினாலாவது புரியும். ஜெயிக்கிற ஆசை யாருக்குத்தான் இல்லை. எனக்காகத் திருடுகிறாள். எதற்கு? ஒருத்தனை ஜெயிக்கவைக்க வேண்டுமென்று எப்போது தோன்றும்? குழந்தையோடு தாயம் விளையாடினால் தோன்றும். சாகப்போகிறவனோடு விளையாடினால் தோன்றும். அவர் நின்றுவிட்டார். சவுக்கு இலையெல்லாம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதிர்த்துக்கொண்டிருந்தது. தெரிந்துவிட்டதா இவளுக்கு? தெரிய வழியே இல்லையே. கோயமுத்தூருக்குப் போனது டயர் மாற்ற என்றுதான் சொல்லியிருந்தார், ரெண்டாம் தடவை வீல் அலைன்மென்ட் என்றார். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை, தானே ஓட்டிக்கொண்டு இறங்கினார், கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் கை பேசாமல் இருக்கும், அது ஒரு நிம்மதி. மாத்திரை அட்டை ஷூ பைக்குள், சாக்ஸுக்குள் சாக்ஸாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பர் இவருடைய செல்தான். அந்த ரிசப்ஷன் பெண், "வீட்டுல யாராச்சும் கூட வரலீங்களா சார்?" என்று கேட்டவள், வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டிருப்பாளோ? அவளுக்கு லேண்ட்லைன் நம்பர் எப்படி? அப்படியானால் மருந்துக் கடை? இந்த ஊர் மருந்துக் கடையில் வாங்கவே இல்லையே, மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லையென்று பார்த்தல்லவா வாங்கினது.

ஆனால் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் இத்தனை நாள் வேறு வேஷத்தில் இருந்தது. காப்பி இப்போதெல்லாம் முக்கால் டம்ளர்தான் வருகிறது. பால் விலை ஏறிவிட்டது என்றாள், கஞ்சத்தனம் பிடித்துக்கொண்டது என்று இவர் நினைத்தார். கேட்டால் இன்னொரு தரம் ஊற்றுகிறாள், அப்போதும் முக்கால்தான். சிந்தாத அளவு அது. பேப்பரை அவளே முதலில் எடுத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கிறாள். எனக்குக் காது மந்தமென்று நினைத்துவிட்டாளா என்று ஒருநாள் எரிந்து விழுந்தார். காதுக்காக இல்லை, பேப்பர் என் கையில் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். தீபாவளிக்குச் சட்டை எடுக்கவில்லை, தலைவழியே மாட்டுகிற பனியன் சட்டை நாலு கலரில், உங்களுக்கு இது எடுப்பாக இருக்கிறது என்று. பொத்தானெல்லாம் ஆகாது! ஹாலன் கடையில் சொன்னாளே! அந்தக் கடைக்கு ஏன் போனாள்? அதற்கு முந்தின வாரம் நாலாவது கிரீனில் ரூபாய் கைநழுவி விழுந்தது, குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது, மழை வழுக்கல் என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு மழையே இல்லை. ஆக அந்தக் கடையில் அவள் தேடினது அழகு இல்லை, அழுத்தாமல், பிடுங்காமல், பொத்தான் போடாமல், பைக்குள் கைவிட்டுத் துழாவாமல் ஒரு வில்லையை எடுக்க என்ன வழி என்பதைத்தான். அதைக்கூட என்னிடம் தராமல் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டாள். அவருக்குக் காது சுட்டது. அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். வேவு என்றும் சொல்லலாம். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், ஒருவனுடைய கையை மட்டும் மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு வேறென்ன பேர்?

டாக்டரும் கையைத்தான் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், வேகமாக, இன்னும் வேகமாக. வராந்தாவில் நடந்துபோய்த் திரும்பிவரச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதுங்கள் என்றார். என்ன எழுதுவதென்று தெரியாமல் எஸ்டேட் பேரையும் தன் பேரையும் மாற்றி மாற்றி எழுதினார். நாலு வரி போனதும் டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார், எழுத்து போகப் போகச் சின்னதாகி, கடைசி வரியில் சென்னியப்பன் எறும்பு ஊர்ந்தாற்போல இருந்தான். "இது ஒரு அடையாளம் சார்" என்றார் டாக்டர். பிறகு வியாதியின் பேரைச் சொன்னார். மாத்திரை உண்டு, பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாகத்தான் போகும் என்றார். மெதுவாக எங்கே போகும் என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பேரை இதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, தனியாகக் கார் ஓட்டும்போதுகூட.

எட்டாவது கிரீனில் அவர் முதுகைத் திருப்பவில்லை. மணல் பள்ளத்துக்கு இந்தப்பக்கம் நின்று, ஷூவில் ஒட்டின சேற்றைத் தட்டுவதுபோலக் குனிந்து, புருவத்துக்கடியிலிருந்து பார்த்தார். அவள் முதலில் தன் பந்துக்குப் பின்னால் நீல வில்லையை வைத்தாள், ஒட்டினாற்போல, சுத்தமாக. பந்தை எடுத்தாள், துடைத்தாள், அதே இடத்தில் வைத்தாள். ஒரு நூல் மாறவில்லை. இவர் கற்றுக்கொடுத்தபடியே. பிறகு இவருடைய பந்துக்கு வந்தாள். தொப்பியைத் தொட்டாள். டக். மஞ்சள் வில்லையை வைத்தாள், பந்தை எடுத்தாள், முந்தானைத் தலைப்பில் துடைப்பதுபோல இடுப்புத் துண்டில் துடைத்தாள், ஒருமுறை இவர் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை! சின்ன வயசில் நித்யாவுக்குத் தெரியாமல் பாலில் மருந்து கலக்கும்போது வாசல்பக்கம் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு உட்கார்ந்தபடியே வாத்துமாதிரி ஓர் எட்டு முன்னால் நகர்ந்து, பந்தை வைத்து, வில்லையை எடுத்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவள்.

"என்னங்க, சேறா?"

"ஆமா."

"வாங்க, உங்க தரம்."

அடித்தார். கை வெட்டிற்று. ஒரு சாண் முன்னால் வைத்துக்கூட இந்த முறை குழியின் உதட்டில் பட்டு விலகிப்போயிற்று. அவள் "சே!" என்றாள், உண்மையாகவே துக்கப்பட்டு. தன்னுடையதை ஒரே தட்டில் போட்டாள், பிறகு போட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல நின்றாள். ஆக எட்டு குழிக்கும் சேர்த்து இருவரும் சமம். ஒன்பதாவதில் யார் போடுகிறார்களோ அவர்கள் ஜெயம். சமமா? என்ன சமம். எத்தனை சாண் அவளுடையது, எத்தனை என்னுடையது என்று யாரால் பிரிக்க முடியும். கடந்த ஒரு மாசத்தின் சந்தோஷத்தையும் அதே மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டுமே. போன ஞாயிறு கிளப்பில் உட்கார்ந்து நாலு பேர் கேட்கும்படி ஆட்டத்தை விவரித்தாரே, கை இன்னும் கெட்டுப்போகவில்லை, டாக்டர்கள் எல்லாரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்கள், என்று அன்றிரவு மாத்திரையைக்கூட விழுங்காமல் படுத்தாரே.

ஒன்பதாவது கிளப் கட்டடத்தை நோக்கி ஏறுகிறது. ஏறும்போது பயம் முழுசாக வந்தது. இவள் தனியாக இதைச் செய்யவில்லை. நித்யாவும் இதில் உண்டு. இப்போதெல்லாம் இவர் அறைக்குள் நுழைந்தால் போன் பேச்சு பட்டென்று அறுகிறது, "சரி கண்ணு, அப்பா வந்துட்டார், வெக்கறேன்." முன்னெல்லாம் அப்பா வந்துவிட்டால் போனைக் கையில் கொடுப்பாள். என்ன பேசுகிறார்கள்? வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் அடுக்குமாடியில் லிஃப்ட் இருக்கிற இடமாகப் பார்க்கலாம் என்று பேசுகிறார்கள். கார் சாவியை எங்கே ஒளித்துவைப்பது என்று பேசுகிறார்கள். அதுவரைக்கும் கிழவனைச் சந்தோஷமாக வைத்திரு அம்மா, விளையாட்டில் ஜெயிக்கவிடு, என்று. ஒருநாள் காலையில் லாரி வந்து நிற்கும். இந்தப் பனி, இந்தச் சவுக்கு, இந்த ஈரப் புல் வாசனை, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விலை பேசி முடித்திருப்பார்கள், தன்னிடம் மட்டும் கடைசியில் சொல்வார்கள். கை பைக்குள் தடதடவென்று அடித்துக்கொண்டது, தொடையில் தட்டுவது அவருக்கே கேட்டது.

ஒன்பதாவது கிரீன். அவருடைய பந்து குழியிலிருந்து தள்ளி, அவளுடையது அதில் பாதித் தூரத்தில். அவள் கை தொப்பிக்குப் போயிற்று.

"தொடாதே" என்றார்.

அவள் பாதிக் குனிந்தபடி நின்றாள்.

"இடுப்பு…"

"இடுப்புக்கு ஒண்ணுமில்ல. பந்து எங்க இருக்குதோ அங்கயே இருக்கட்டும். ஏம்புள்ள, உனக்கு நான் இதையா சொல்லிக்குடுத்தேன்?"

கமலவேணி நிமிர்ந்தாள். மறுப்பாள், கண்ணைக் கசக்குவாள், என்ன சொல்றீங்க என்பாள் என்று அவர் காத்திருந்தார். மறுத்தால் புழுமண்ணைச் சொல்வதற்குத் தயாராக இருந்தார். அவள் மறுக்கவில்லை.

"எந்த கிரீன்ல பாத்தீங்க?"

"ஏழு. எட்டு. எப்ப இருந்து இது?"

"போன மாசமுங்க."

"இது ஏமாத்து."

"ஏமாத்துதானுங்க. நீங்க மட்டும் என்ன பண்ணீட்டிருக்கறீங்க?" குரல் ஏறவில்லை, இன்னும் தாழ்ந்தது. "டயர் மாத்தப் போறேன்னு போனீங்க. வந்தப்பறம் நான் போய் டயரத் தொட்டுப் பாத்தேன். பழைய டயர்தான். அடுத்த வாட்டியும் அதே பழைய டயர். என்ன நெனைக்கறது நானு?"

"என்ன நெனச்சே?"

"கோயமுத்தூர்ல யாரோ இருக்கறாங்கன்னு நெனச்சேன்."

சென்னியப்பனுக்கு ஒருகணம் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க. நித்யாகிட்ட போன்ல அழுதேன். அவளுந்தான் பயந்துட்டா, இந்த வயசுல அப்பாவுக்கு என்னம்மா இதுன்னு. தினமும் கூப்புட்டுக் கேப்பா, அப்பா இன்னிக்கு எங்க போனாரு, யாருகிட்டப் பேசுனாருன்னு. அப்பறம் ஒருநா நாலாவது கிரீன்ல உங்க ரூபா கீழ விழுந்துச்சு. எடுத்தீங்க, மறுக்கா விழுந்துச்சு. அப்பத்தான் உங்க கையைப் பாத்தேன். மூஞ்சியவே பாத்துட்டிருந்தவ அன்னைக்குத்தான் கையைப் பாத்தேன். பாத்துட்டு, சத்தியமாச் சொல்றனுங்க, அட இதுதானான்னு நிம்மதியாயிருச்சு. வீட்டுக்குப் போய் அந்த நிம்மதிய நெனச்சு நெனச்சு அழுதேன்."

"யார் சொன்னாங்க உனக்கு? ஆஸ்பத்திரியில இருந்து கூப்புட்டாங்களா?"

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். உண்மையாகவே தெரியாத முகம். அத்தனை வழிகளையும் அடைத்து, ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, கடைசியில் அவளுக்குத் தெரிந்திருந்தது கை நடுங்குகிறது என்பது ஒன்றுதான். ஹாலன் சொல்லவில்லை, ரிசப்ஷன் பெண் சொல்லவில்லை. லாரி இல்லை, அடுக்குமாடி இல்லை. மகளும் அம்மாவும் போனில் வேறொருத்தியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், இல்லாத ஒருத்தியை.

"நானாக் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். நீங்களாச் சொல்லோணும். சொல்லுவீங்கன்னு பாத்தேன். தோத்த அன்னிக்கெல்லாம் ராத்திரி நீங்க தூங்கறதில்லீங்க. போர்வைக்குள்ள ஒரு கையால இன்னொரு கையப் புடிச்சுக்கிட்டு, செவுத்தப் பாத்துப் படுத்திருப்பீங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன். ஒரு சாண் தள்ளி வெச்சா ஒரு ராத்திரி தூங்கறாருன்னா வெச்சா என்னன்னு தோணிப்போச்சு." அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "டாக்டர் என்ன பேரு சொன்னாருங்க?"

கிளப் வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சமையல்கட்டிலிருந்து முட்டை பொரிக்கும் வாசம் வந்தது.

"பார்க்கின்சன்" என்றார்.

சொல்லிவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த வார்த்தை மற்ற வார்த்தைகளைப் போலவே வாயிலிருந்து வெளியே வந்து, புல்மேல் எங்கோ போயிற்று. அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள் போல, உதடு அசைந்தது. பெரிதா சின்னதா, என்ன ஆகும், எவ்வளவு நாள் என்று கேட்பாள் என்று நினைத்தார், அதற்குத்தான் இத்தனை மாசமாகப் பயந்தார். அவள் கேட்டது வேறு.

"அடுத்து எப்பப் போகோணும்?"

"வியாழக்கிழமை."

"நானும் வர்றேன்" என்றாள். அதில் கேள்வி இல்லை. "இப்ப அடிங்க."

குனிந்தார். அவள் நீட்டிய மஞ்சள் வில்லையை வாங்கி, வலது கையாலேயே, பந்துக்குப் பின்னால் வைத்தார். கை ஆடிற்று. வில்லை பந்தில் இடித்தது, பந்து உருளப் பார்த்தது, நின்றது. அவள் பக்கத்தில் நின்று அதை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறுபக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, உதவிக்கும் வரவில்லை. எடுத்துத் துடைத்தார், வைத்தார், இருந்த இடத்தில். குழி தூரமாகத் தெரிந்தது. இதுதான் உண்மையான தூரம். ஒரு மாசத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறார். மட்டையைப் பிடித்தார், மூச்சை விட்டார், தட்டினார். கை வெட்டிற்று. பந்து நல்லபடியாகத்தான் கிளம்பிற்று, பாதி வழியில் இடதுபக்கம் சாய்ந்து, குழியைக் கடந்து ஒரு முழம் போய் நின்றது.

இனி அவள் தரம். அவர் கொடிக்கம்பை எடுத்து ஒதுங்கி நின்றார். மறுபடியும் அந்தப் பழைய அரிப்பு உள்ளே எழுந்தது, போய்விட்டது என்று நினைத்த அரிப்பு. விடப்போகிறாள். வேண்டுமென்றே விடப்போகிறாள். இவ்வளவையும் கேட்ட பிறகு, அந்தப் பேரையும் கேட்ட பிறகு, எந்தப் பெண்டாட்டி இதைப் போடுவாள்? பலமாகத் தட்டிவிட்டு ஐயோ என்பாள், அல்லது மெதுவாகத் தட்டிப் புல் ஈரமென்பாள். விட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. சிரித்துக்கொண்டு காருக்குப் போக வேண்டியதுதான், அப்புறம் சாகிறவரைக்கும் முக்கால் டம்ளர் காப்பிதான், பாதி உண்மைதான், எல்லாவற்றிலும் ஒரு சாண் முன்னால் வைத்துத்தான். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டை மட்டும் பார்த்தார். வளையல் ரெண்டும் புறங்கையில் சரிந்து கிடந்தன. அவள் ஒருமுறை குழியைப் பார்த்தாள், ஒருமுறை பந்தைப் பார்த்தாள், மறுபடி குழியை. நேரம் எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டு மடங்கவில்லை. தோளிலிருந்து ஊஞ்சல்போல, அவர் சொல்லிக்கொடுத்தபடி, மட்டை பின்னால் போய் முன்னால் வந்தது. பந்து புல்லில் ஈரக்கோடு கிழித்துக்கொண்டு நேராக வந்தது, குழியின் விளிம்பில் ஒரு நொடி தயங்குவதுபோல நின்றது, உள்ளே விழுந்து கடகடவென்றது.

அவள் நிமிர்ந்து பயத்தோடு அவரைப் பார்த்தாள்.

"கோவமுங்களா?"

"ஆமா" என்றார் சென்னியப்பன். குனிந்து குழிக்குள்ளிருந்து அவள் பந்தை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த வாரம் வா, பாத்துக்கறேன் உன்னை."